வாயிலும் பெருங்கூட்டமும்

இக்காலத்தே கைப்பேசி வழியாகப் புகைவண்டிச் சீட்டுப் பெறுதலும், தேர்வு முடிவு காண்டலும், வங்கியிற் பணம் மாற்றுதலும் சிறியோரும் முதியோரும் நாடோறுஞ் செய்யுங் காரியங்களாயின. விரலால் ஒருமுறை தொட்ட அளவில் வேண்டியது கண்முன் வந்து நிற்கின்றது. வாராதொழியின் நாம் சினங்கொண்டு மீண்டும் மீண்டுந் தொடுகின்றோம். அங்ஙனந் தொடுதலே அது வாராமைக்கு ஒரு காரணமாதல் கூடுமென்பதை நம்மிற் பலர் அறியார். இக்கல்லூரியை விட்டு நீங்கியபின் சில ஆண்டுகள் இத்தொழிலில் உழன்றவன் என்னும் உரிமை பற்றி, இவ்விஷயத்தைக் குறித்து நம் மாணவர்க்குச் சில கூற விழைகின்றேன். கணித வகுப்பினர் அல்லாதாரும் இதனைப் படிக்கலாம். பெருக்கலும் வகுத்தலும் அறிந்தாற் போதும்.

நாம் தொட்டவுடன் கைப்பேசியினின்றும் ஒரு வேண்டுகோள் புறப்படுகின்றது. அதற்கு மறுமொழி தரவேண்டிய நிறுவனத்தின் உள்ளேயோ, ஒரே கணிப்பொறி எல்லா வேலையையும் செய்வதில்லை. பெயர் முகவரி வைத்திருப்பது ஒன்று, பணக்கணக்குப் பார்ப்பது வேறொன்று, சான்றிதழ் தருவது பிறிதொன்று எனச் சேவைகள் பத்தும் நூறுமாய்ப் பிரிந்து கிடக்கின்றன. ஒரு சேவையை மற்றொன்று எவ்வாறு வினவல் வேண்டும், எவ்வடிவில் விடை பெறல் வேண்டும் என்று வகுத்துக்கொண்ட முறைக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். வெளியினின்று வருவோர் ஒவ்வொருவரும் உள்ளே புகுந்து தமக்குரிய அறையைத் தேடி அலையாவண்ணம், எல்லாவற்றுக்கும் முன்னே ஒரு வாயில் அமைத்திருப்பர். அதுவே ஏ.பி.ஐ. கேட்வே. இக்கட்டுரையில் அதனை வாயில் என்றே வழங்குவேன்.

இவ்வாயிலின் தொழில் வெறுமனே திறந்துவிடுதல் அன்று. வந்தவன் யார் என்று அவன் கொணர்ந்த டோக்கனைச் சோதித்தறிதல், அவன் இந்நிமிஷத்தில் எத்தனைமுறை வந்தான் என்று எண்ணுதல், எந்தச் சேவைக்குரியவன் என்று தேர்ந்து அனுப்புதல், வந்ததையும் போனதையும் ஏட்டிற் குறித்தல் ஆகிய இவையனைத்தும் அதன் கடமை. இவற்றைச் சில மில்லிவிநாடியில், அதாவது விநாடியின் ஆயிரத்திற் சில பங்கில், செய்து முடித்தல் வேண்டும். ரஷியராகிய ஈகோர் சிசோயெவ் என்பார் 2004இல் வெளியிட்ட எஞ்சின்-எக்ஸ், அதன்மேல் எழுந்த காங், லிஃப்ட் என்னும் வாடகைக்கார் நிறுவனம் 2016இல் யாவர்க்கும் திறந்துவிட்ட என்வாய் முதலியன இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற மென்பொருள்கள்.

ஒரே வாயில் என்பதன் நன்மை வெளிப்படை. தீமையும் அவ்வாறே. உள்ளே நூறு அறைகள் ஆளின்றி வெறிதே கிடப்பினும், வாயில் அடைபட்டால் வெளியே நிற்பவனுக்கு அந்நூறும் இல்லாதனவே. ஆதலின், இத்தனைபேர் ஒருங்கே வந்தால் இவ்வாயில் தாங்குமா, தாங்காதாயின் எவ்விடத்தே, எவ்வாறு முறியும் என்பதை முன்னரே சோதித்தறிதல் இன்றியமையாதது. அவ்வாறு செய்யாதார் பட்ட பாட்டுக்கு உலகறிந்த உதாரணம் ஒன்றுண்டு.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நோய்க்காப்பீடு இல்லாத மக்கள் கோடிக்கணக்கில் இருந்தனர். அவர்கள் பொருட்டு 2010இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி காப்பீடு தேர்ந்துகொள்ளும் பொதுச்சந்தையாக, 36 மாநிலத்தார்க்கு, ஹெல்த்கேர் டாட் கவ் என்னும் இணையத்தளம் 2013 அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. 50,000 முதல் 60,000 பேர் வரை ஒருங்கே வருவர் என்று எதிர்பார்த்திருந்தனர். 2,50,000 பேர் வந்தனர் என்று அரசாங்கத்தாரே பின்னர்க் கூறினர். முதல்நாள் முடிவில் காப்பீட்டில் முழுதும் பதிவு பெற்றவர் எத்துணைப் பேர் என்று நினைக்கிறீர்கள்? ஆறு பேர்.

கூட்டம் மிகுந்தமையே காரணம் என்று சொல்லி அமைதல் எளிது. ஆனால் உண்மை அதனினும் கசப்பானது. காப்பீடுகளின் விலையை வெறுமனே பார்த்துப்போக வந்தவனும் முதலிற் பெயர் பதிந்து கணக்குத் தொடங்கிய பின்னரே உட்செல்லல் வேண்டும் என்று அத்தளத்தை அமைத்திருந்தனர். ஆகவே வாங்க வந்தவன், வேடிக்கை பார்க்க வந்தவன் என்ற வேற்றுமையின்றி வந்தோர் அனைவரும் அக்கணக்குத் தொடங்கும் பகுதியாகிய ஒரே வாயிலில் நெருக்குண்டனர். திறப்பதற்குச் சில நாட்களின் முன் நடத்திய ஒரு சோதனையில், சில நூறு பேர் ஒருங்கே நுழைய முயல்வதுபோற் பாவித்தபொழுதே அது முறிந்துவிட்டது என்று வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அம்மாதத்திலேயே வெளியிட்டது. தளம் முழுவதையும் ஒருசேரச் சோதித்தல் கடைசி இரண்டு வாரங்களிலேயே தொடங்கிற்று என்று ஒப்பந்தக்காரர்கள் அந்நாட்டுச் சட்டசபைக் குழுவின்முன் சாட்சி சொன்னார்கள். சோதனை உண்மையைச் சொல்லிற்று. கேட்டு மாற்றுதற்கு நாள் இல்லை.

இனிச் சோதனையின் உட்பொருளைக் காண்போம். இவ்வாராய்ச்சி கணிப்பொறிக்கு முற்பட்டது. டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் நகரின் தொலைபேசிக் கம்பெனியில் வேலைபார்த்த ஏ. கே. எர்லாங் என்னும் கணித அறிஞர், இத்துணை அழைப்புக்கு எத்துணைக் கம்பி வேண்டும் என்னும் வினாவை எடுத்துக்கொண்டு 1909இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வரிசையிற் காத்துநிற்றலைக் கணிதத்தால் ஆராயும் கலை அவரிடத்தே தோன்றிற்று எனலாம். அவர் வைத்த வினாவும் நாம் வைக்கும் வினாவும் ஒன்றே.

முதலில் மூன்று அளவுகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒரு விநாடிக்கு எத்தனை வேண்டுகோள் முடிந்து வெளியேறுகின்றன என்பது ஒன்று. ஒரு வேண்டுகோள் உட்புகுந்து விடைபெற்று மீளுங் காலம் இரண்டாவது. எந்தக் கணத்திலும் உள்ளே நிற்பன எத்தனை என்பது மூன்றாவது. முதலதை இரண்டாவதாற் பெருக்க மூன்றாவது கிடைக்கும். 1961இல் ஜான் லிட்டில் என்பார் இதற்குப் பொதுவான நிரூபணம் தந்தமையால் லிட்டில் விதி என்பர். விநாடிக்கு 4,000 வேண்டுகோள், ஒவ்வொன்றும் 50 மில்லிவிநாடி என்றால் உள்ளே நிற்பன 200. உட்சேவை ஒன்று தளர்ந்து அக்காலம் 500 மில்லிவிநாடியாயின், வருவோர் தொகை ஒன்றும் மிகாதிருப்பவே, உள்ளே நிற்பன 2,000 ஆகிவிடும். வாயிலில் 1,000 பேருக்கே இடம் வகுத்திருந்தோமாயின் அது நிரம்பி வழியும். பார்ப்பவர் கூட்டம் மிகுந்தது என்பர்; கூட்டம் மிகவில்லை, நடை தளர்ந்தது.

இவ்விதியை மறந்தவர் செய்யும் பிழைகளுள் ஒன்று, ஆட்களையும் வேண்டுகோள்களையும் ஒன்றாகக் கொள்ளுதல். 50,000 பேர் ஒருங்கே தளத்தில் இருக்கிறார்கள் என்பதற்கு, விநாடிக்கு 50,000 வேண்டுகோள் வருகின்றன என்பது பொருளன்று. மனிதன் படிக்கிறான், யோசிக்கிறான், அடுத்த அறையிலிருப்பவரை வினவுகிறான். பத்து விநாடிக்கு ஒருமுறை தொடுகிறான் என்று கொண்டால், 50,000 பேரிடமிருந்து விநாடிக்கு வருவன 5,000 வேண்டுகோளே. மறுதலையாக, ஒரு தொடுகைக்கு ஒரு பக்கத்தினுள்ளிருந்து இருபது வேண்டுகோள்கள் கிளம்புவதும் உண்டு. அப்பொழுது அது 1,00,000 ஆகும். இத்தனை ஆட்களைத் தாங்கும் என்று மொட்டையாக எழுதப்பட்ட அறிக்கை எதனையும் யான் நம்புவதில்லை.

அடுத்தது, சுமை ஏற ஏறத் தாமதம் ஏறும் வகை. இருமடங்கு சுமைக்கு இருமடங்கு தாமதம் என்றே மனம் எண்ணும். அஃது அவ்வாறு ஏறுவதன்று. ஒழுங்கின்றி வருவோரும், ஒருகாற் குறுகியும் ஒருகால் நீண்டும் நிகழும் வேலையும் உடைய ஒற்றைச் சாளரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர்க்குச் சராசரி 10 மில்லிவிநாடி செல்லும். ஆகவே விநாடிக்கு 100 பேர் அதன் எல்லை. விநாடிக்கு 50 பேர் வந்தால், காத்திருத்தலும் உட்பட ஒருவர்க்கு ஆகுங் காலம் சராசரி 20 மில்லிவிநாடி. 80 பேர் வரின் 50. 90 பேர் வரின் 100. 95 பேர் வரின் 200. 99 பேர் வரின் 1,000 மில்லிவிநாடி, அஃதாவது முழுதாக ஒரு விநாடி. தொண்ணூற்றிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்குச் செல்லுகையிற் சுமை பத்தில் ஒருபங்கே மிகுந்தது, தாமதமோ பத்துமடங்காயிற்று. இதனைப் படமாக வரையின், நெடுந்தூரம் சமநிலமாய்ச் சென்று திடீரென மலையாய் எழும்பும். எழும்புமிடத்தை இத்தொழிலார் முழங்கால் என்பர். சாளரங்கள் பலவாயின் அம்முழங்கால் சிறிது தள்ளிச் சென்று, இன்னுங் கூர்மையாக மடியும். சமநிலத்தில் நின்று பார்ப்பவனுக்கு மலை அடுத்த அடியில் உளது என்பது தோன்றாது. ஆதலாற்றான் சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றிச் சோதிக்கின்றோம். நேற்று நன்றாயிருந்தது என்பது இன்றைக்கு ஜாமீன் ஆகாது.

சோதிக்கும் முறையைச் சொல்லுகிறேன். முதலில் வாயிலின் பின்னே, உடனே விடைதரும் ஒரு பொம்மைச் சேவையை நிறுத்துக. வாயிலைக் கடவாது நேரே அதனை வினவி ஒருமுறை அளந்துகொள்க. பின்னர் வாயில் வழியே வினவி அளந்துகொள்க. இரண்டன் வேற்றுமையே வாயிலின் கூலி. பிறகு டோக்கன் சோதனை, எண்ணிக்கை வரம்பு, ஏடெழுதுதல் என்று கடமைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அளந்தால், எக்கடமை எத்துணைக் கூலி கேட்கின்றது என்பது புலனாகும். எண்ணிக்கை வரம்பு எளிய வேலைபோலத் தோன்றும். ஆயினும் வாயில்கள் பலவாயிருந்து பொதுவான ஓரிடத்தில் எண்ணை வைத்திருப்பின், ஒவ்வொரு வேண்டுகோளும் அவ்விடம் சென்று மீளல் வேண்டும். யான் கண்டவற்றுட் பலமுறை அவ்வெளிய வேலையே முதலிற் கழுத்தைப் பிடித்தது.

அடுத்துப் படிப்படியாகச் சுமையை ஏற்றுக. 50, 100, 200, 400 என்று இரட்டித்துச் செல்லலாம்; முழங்காலை அணுகியபின் சிறு படிகளாக ஏறுதல் நன்று. ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிஷமேனும் நிற்றல் வேண்டும். புதிதாக எழுந்த யந்திரம் முதற் சில நிமிஷங்களில் தன் உண்மை வேகத்தைக் காட்டாது. ஜாவா மொழியில் எழுதப்பட்டன ஓடஓடவே தம்மைச் செம்மைப்படுத்திக்கொள்ளும். அவ்விளஞ்சூட்டு நிமிஷங்களின் கணக்கைத் தள்ளிவிடுக. அனுப்பும் வேண்டுகோள் எல்லாம் ஒரே டோக்கனும் ஒரே முகவரியும் உடையனவாயிருத்தல் கூடாது. அவ்வாறாயின் வாயில் முதல் விடையை நினைவில் வைத்துக்கொண்டு எல்லார்க்கும் அதனையே நீட்டும். ஆயிரம் பேரைச் சோதித்ததாக நாம் மகிழ்ந்திருப்போம், சோதித்ததோ ஒருவனை ஆயிரம் வேடத்தில்.

இங்கே ஒரு பொறியைக் குறிப்பிடாமற் செல்ல இயலவில்லை. இதில் வீழாதாரை யான் கண்டதில்லை. ஒரு கணிப்பொறி மற்றொன்றோடு பேசத் தொடங்குகையில் தன்பக்கத்தே போர்ட் எனப்படும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் முறையில் இதற்கு இயல்பாக ஒதுக்கியவை 32768 முதல் 60999 வரை. ஆக 28,232 எண்கள். பேச்சு முடிந்தபின்னும், தொடர்பை முதலில் முறித்த பக்கம் அவ்வெண்ணை 60 விநாடி விடாது வைத்திருக்கும். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதுத்தொடர்பு தொடங்கி முறித்தோமாயின், 28,232ஐ 60ஆல் வகுக்க வரும் 470தான் ஓரிடத்தை நோக்கி ஒரு யந்திரம் விநாடிதோறும் தொடர்ந்து தொடங்கக்கூடிய தொடர்புகளின் எல்லை. அதற்குமேல் எண் கிடையாது. வாயில் ஓய்ந்திருக்கும், சோதிக்கும் யந்திரமே மூச்சுத் திணறும், அறிக்கையிலோ வாயில் விநாடிக்கு 470க்குமேல் தாங்காது என்று எழுதுவர். வாயில்தானும் உட்சேவைகளை நோக்கி அவ்வாறே புதிது புதிதாகத் தொடர்பு தொடங்குமாயின் அதே பொறியில் அதுவும் வீழும். தொடங்கிய தொடர்பை முறிக்காது மீண்டும் மீண்டும் பயன்படுத்துதலே இதற்கு மருந்து. இதனையொத்த மற்றொன்று, ஒரு நிரல் ஒருங்கே திறந்துவைக்கக்கூடிய கோப்புகளின் வரம்பு. லினக்ஸில் இது பெரும்பாலும் 1,024 என்று இருக்கும். தொடர்பு ஒவ்வொன்றும் ஒரு கோப்பாகவே எண்ணப்படும். இவ்விரண்டையும் பாராது சோதனை தொடங்குபவன், தராசின் தட்டில் கல் ஒட்டியிருக்கப் பொன் நிறுப்பவனை ஒப்பான்.

அளந்தபின் கணக்கை வாசிக்கும் முறை வேறொரு கலை. சராசரி என்பது இவ்விடத்தே மிகப் பொல்லாதது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் 10 மில்லிவிநாடியில் விடைபெற, ஒருவர் 5 விநாடி நின்றால், சராசரி சுமார் 60 மில்லிவிநாடி. அறுபது மில்லிவிநாடி நின்றவர் அக்கூட்டத்தில் ஒருவருமில்லை. ஆகவே சதமானங்களைக் கேட்டல் வேண்டும்: நூற்றில் ஐம்பது பேர் எவ்வளவுக்குள், தொண்ணூற்றைந்து பேர் எவ்வளவுக்குள், தொண்ணூற்றொன்பது பேர் எவ்வளவுக்குள் என்று. எஞ்சிய நூற்றில் ஒருவன்தானே என்று இகழற்க. ஒரு பக்கம் திறக்க இருபது வேண்டுகோள் வேண்டுமென்றேன். இருபதும் அத்தீயூழுக்குத் தப்புதல் நூற்றுக்கு 82 முறையே நிகழும்; ஏனைய 18 முறையும் ஏதேனும் ஒன்று சிக்கிப் பக்கம் முழுதும் காத்துக் கிடக்கும்.

சதமானம் கேட்டாலும் ஏமாற வழியுண்டு. நம் கல்லூரி அலுவலகத்திற் கட்டணஞ் செலுத்தும் சாளரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தரின் வேகத்தை அறிய விரும்பி ஒரு மாணவனைக் கடிகாரத்தோடு அனுப்புகிறோம். அவன் வரிசையில் நின்று, பணங்கட்டி, நேரங் குறித்து, உடனே மறுபடியும் வந்து நிற்கிறான். எழுத்தர் நடுவில் எழுந்து அரைமணிநேரம் வெளியே போய்விடுகிறார். நம் மாணவன் தன் ஏட்டில் அரைமணி என்று ஒருமுறை எழுதுகிறான்; மற்றபடி நூறுமுறை ஒரு நிமிஷம் என்று எழுதியிருக்கிறான். நூற்றொன்றில் ஒன்றுதானே தாமதம் என்று நாம் மகிழ்கிறோம். அவ்வரைமணியில் வந்து வெயிலில் நின்ற முப்பது பேர் ஏட்டில் இல்லை. ஏனெனில் நம் மாணவன் தானும் காத்திருந்தமையால் அப்பொழுது ஒருமுறையும் புதிதாக வரவில்லை.

சோதனைக் கருவிகள் பல இவ்வகையினவே. முன் அனுப்பியதற்கு விடை வந்தபின்னரே அடுத்ததை அனுப்பும். எண்ணாற் காட்டுகிறேன். விநாடிக்குப் பத்து வேண்டுகோள் வீதம் 200 விநாடி அனுப்புவதாகத் திட்டம். முதல் 100 விநாடி ஒவ்வொன்றும் 10 மில்லிவிநாடியில் முடிந்தது, 1,000 வேண்டுகோள். பின் 100 விநாடி வாயில் முற்றும் உறைந்தது. விடைக்காகக் காத்து நிற்கும் கருவி எழுதுவது 1,001 வரிகள்; அவற்றுள் ஒன்றே 100 விநாடி; தொண்ணூற்றொன்பதாஞ் சதமானம் 10 மில்லிவிநாடி! திட்டப்படி அனுப்பியிருந்தால் உறைந்த காலத்திலும் 1,000 பேர் வந்து நின்றிருப்பர். முதலில் வந்தவன் 100 விநாடி, நடுவில் வந்தவன் 50 விநாடி நின்றிருப்பான். மொத்தம் 2,000 பேரில் தொண்ணூற்றொன்பதாஞ் சதமானம் 98 விநாடி. ஒரே வாயில், ஒரே நிகழ்ச்சி. ஓர் ஏடு 10 மில்லிவிநாடி என்கிறது, மற்றது 98 விநாடி என்கிறது. கில் டெனே என்னும் பொறியியலார் இப்பிழைக்குப் பெயரிட்டு, விடை வந்தாலும் வாராவிடினும் குறித்த வேகத்தில் அனுப்பிக்கொண்டேயிருக்கும் டபிள்யூ.ஆர்.கே.2 என்னும் கருவியையும் செய்து தந்தார். ஜேமீட்டர், கே6, கேட்லிங் முதலிய கருவிகளிலும் அவ்வாறு அனுப்ப வழியுண்டு. ஆனால் நாமாக அதனைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

இப்பிழையைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்லுகின்றேனல்லேன், யானே செய்தேன். விண்ணப்பங்கள் பெறும் ஓர் அலுவலகத்தின் வாயிலைச் சோதிக்கும் பொறுப்பு ஒருகால் என்னிடம் வந்தது. விடைக்குக் காத்து அனுப்பும் கருவியாற் சோதித்து, அழகிய படங்களோடு அறிக்கை எழுதிக்கொடுத்தேன். கடைசி நாள் மாலையில் விண்ணப்பிப்போர் வந்து குவிந்தனர். அவர்கள் என் கருவியைப்போல் ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்து வரவில்லை. முன்னவன் நிற்க நிற்கப் பின்னவன் வந்தான். ஆறு மணிக்குமேல் வாயில் அசையவில்லை. சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி வந்து கணிப்பொறிக் கடைகளில் அமர்ந்திருந்த பிள்ளைகள் கடைசிப் பேருந்தையும் விட்டுவிட்டுத் திரையையே பார்த்திருந்தார்கள் என்று மறுநாள் கேள்வியுற்றேன். காலக்கெடுவைப் பின்னர் நீட்டித்தார்கள். நீட்டித்தது தெரியாதுபோனவர் எத்தனைபேர் என்பதற்கு ஏடு ஏதும் இல்லை. என் அறிக்கையின் படங்கள் மட்டும் இன்னும் என்னிடம் உள.

எல்லையைக் கடந்தபின் வாயில் என்ன செய்கிறது என்பதையும் சோதித்தல் வேண்டும். பலர் முழங்காலைக் கண்டவுடன் நிறுத்திவிடுகின்றனர். விநாடிக்கு 100 பேரைத் தாங்கும் சாளரத்துக்கு 110 பேர் வந்தால், விநாடிக்குப் பத்துப் பத்தாக வரிசை வளரும். ஒரு நிமிஷத்தில் 600 பேர். அப்பொழுது வருபவன் 6 விநாடி நிற்பான். பத்து நிமிஷத்தில் 6,000 பேர். வருபவன் ஒரு நிமிஷம் நிற்பான். மனிதனோ முப்பது விநாடியிற் பொறுமையிழந்து விலகிவிடுகிறான் அல்லது மீண்டுந் தொடுகிறான். விலகிப்போனவனுடைய வேண்டுகோள் வரிசையில் நிற்கத்தான் செய்கிறது. வாயில் அதனைத் தன் முறைவந்தபொழுது எடுத்துச் சிரத்தையோடு முடித்து வைக்கிறது. பந்தியிலிருந்து எழுந்துபோனவனுக்கு இலைபோட்டுப் பரிமாறுவது போன்றது இது. சமையற்காரர் வியர்க்க வியர்க்க உழைப்பர், உண்டவர் ஒருவருமிலர்.

மீண்டுந் தொடுதலின் கொடுமை இதனினும் பெரிது. விடை வாராவிடின் வாயில் தானாக உட்சேவையை மும்முறை முயலுமாறு அமைத்திருப்பர். கைப்பேசியின் நிரலும் மும்முறை முயலும். ஆகத் தொட்டவன் ஒருமுறை தொட்டால் உள்ளே ஒன்பது வேண்டுகோள். சுமை மிக்கதனால் தளர்ந்த சேவையின்மேல் அத்தளர்ச்சி காரணமாகவே ஒன்பது மடங்கு சுமை ஏறுகிறது. இந்நிலையில் வந்தோர் தொகை பழைய அளவுக்குக் குறைந்தபின்னும் வாயில் எழுந்திருப்பதில்லை. பழைய முயற்சிகளே அதனை அமுக்கிக்கொண்டிருக்கும். ஆதலால் சுமையை ஏற்றும் படிகளைப்போலவே இறக்கும் படிகளும் சோதனையில் இருத்தல் வேண்டும். இறக்கியபின் எத்தனை நிமிஷத்தில் தாமதம் பழைய நிலைக்கு மீள்கிறது என்பதை ஒரு தனி வரியாக எழுதுக. மீளவே இல்லையாயின் அதுவே அறிக்கையின் முதல் வரி.

இதற்குப் பரிகாரம், மறுக்கக் கற்றல். வரிசைக்கு ஓர் அளவு வகுத்து, அதற்குமேல் வருவோரை உள்ளே விடாது உடனே திருப்பியனுப்புதல். வேண்டுகோள் மிகையாயின என்று சொல்லுதற்கென்றே 429 என்னும் மறுமொழி எண் 2012இல் வகுக்கப்பட்டது. சேவை இப்பொழுது இயலாது என்பதற்கு 503 என்பது அதற்கு முன்னமே உண்டு. மறுத்தல் மலிவான வேலையாயிருத்தல் வேண்டும். டோக்கனை முழுதும் சோதித்து, எட்டு இடத்தில் எழுதிவைத்தபின் மறுக்கும் வாயிலும் உண்டு. அது மறுத்தே களைத்து வீழும். எல்லைக்கு இருமடங்கு சுமை வைத்து, உள்ளே விடப்பட்டவர்க்கு விடை முன்போல் விரைவாகக் கிடைக்கின்றதா என்று பார்த்தலே நல்ல வாயிலுக்கு உரைகல்.

அமெரிக்கத் தளத்தின் கதைக்கு மீள்வோம். அக்டோபர் இறுதியில் வெளியினின்றும் வல்லுநரைச் சேர்த்துக்கொண்டு, 50,000 பேர் ஒருங்கே வரினும் தாங்கல் வேண்டும் என்று நவம்பர் 30ஐக் கெடுவாக வைத்து உழைத்தனர். முன்னர்ச் சராசரி 8 விநாடியாயிருந்த தாமதம் ஒரு விநாடிக்குள் வந்தது என்றும், நூற்றுக்கு 6 ஆயிருந்த பிழை ஒன்றுக்குங் கீழே இறங்கிற்று என்றும் டிசம்பர் முதல்நாள் அறிக்கை வெளியிட்டனர். சராசரியையே சொன்னார்கள் என்பதை என்போன்றார் கவனியாதிரார். அதனினும் முக்கியமாக யான் கருதுவது, வாயிலின் வெளியே அவர்கள் அமைத்த காத்திருப்பு அறை. கூட்டம் மிகுந்த வேளையில் வந்தவரை உள்ளே விட்டு நெருக்காமல், வரிசையில் உள்ளீர் என்று அறிவித்து, விரும்பினோர் மின்னஞ்சல் முகவரியைத் தந்துவிட்டுச் செல்லவும், கூட்டம் தணிந்தபின் அழைப்புப் பெற்று வரவும் வழிசெய்தார்கள்.

2014 மார்ச்சு 31 அவ்வாண்டுப் பதிவின் கடைசி நாள். அன்று ஒருங்கே வந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டனர். நடுவே சிறிது நேரம் ஒரு பகுதி முடங்கிற்று. புதியோர் கணக்குத் தொடங்கும் அதே பகுதி. முன்னரே கணக்குடையோர் அப்பொழுதும் உட்சென்றுகொண்டிருந்தனர். ஏனையோர் காத்திருப்பு அறையில் இருந்தனர்.